சர்ச்சுக்குப் போனது உண்மைதான், மாமா

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா
மே மாதம்

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

இங்கு நான், உங்கள் மகள், பேரன் மூவரும் நலம். அங்கு நீங்கள், அத்தை, அம்மா, பட்டியில் உள்ள ஆடுகள் எல்லோரும் நலமா என்று அறிய ஆவல்.

வாட்ஸ்அப் இருக்கும்போது தபால் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் அம்மா அழ ஆரம்பித்துவிடுகிறது. பின்னாலிருந்து சித்தி வேறு "என்ன சொல்றான், என்ன சொல்றான்" என்று. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நீங்கள் ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

நான் மதம் மாறிவிட்டதாக மேச்சேரியில் பேச்சாமே. சந்தைப்பேட்டை டீக்கடை வரைக்கும் போய்விட்டதாம். எங்கிருந்து கிளம்பியது என்று விசாரித்தேன். நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட ஒரு படம். செங்கலில் கட்டிய பெரிய சர்ச், அதன் வாசலில் கோட்டு போட்டுக்கொண்டு நான், கையில் ஒரு சின்னப் புத்தகம். சித்தி மகன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அது பைபிள்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டான். ரெண்டு வாரம் கழித்து அதே வாசலில் இன்னொரு படம். "வாராவாரம் போறான்" என்று ஆகிவிட்டது. அம்மா பத்ரகாளியம்மனுக்குக் கிடா நேர்ந்துகொண்டதாகக் கேள்வி. அந்தக் கிடா உங்கள் பட்டியிலிருந்துதான் போகும் என்பதால் இதில் உங்களுக்கும் சம்பந்தம் உண்டு.

மாமா, சர்ச்சுக்குப் போனது உண்மை. கோட்டு உண்மை. கையிலிருந்தது மட்டும் பைபிள் இல்லை. அன்றைய கச்சேரியில் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று அச்சடித்துக் கொடுத்த நிகழ்ச்சிநிரல். நான் அங்கே போனது கிதார் கேட்க.

சான் ஃப்ரான்சிஸ்கோவில் ஆம்னி ஃபவுண்டேஷன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பெயரைக் கேட்டதும் சேலத்திலிருந்து சென்னைக்குப் போகும் ராத்திரி பஸ் என்று நினைக்க வேண்டாம். உலகத்தில் எந்த மூலையில் நல்ல கிதார் வித்வான் இருந்தாலும் அழைத்து வந்து வாசிக்க வைப்பது அவர்கள் வேலை. நாற்பது வருஷத்துக்கு மேலாக இதைச் செய்கிறார்கள். ஐப்பசி வாக்கில் தொடங்கினால் சித்திரை வரை சீசன். பெரும்பாலும் சனிக்கிழமை ராத்திரி. நம் பக்கத்தில் அறுப்பு முடிந்து கூத்துக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பும்போது இங்கே சீசன் முடிந்து கதவைச் சாத்துகிறார்கள். ஃப்ரீமான்டில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நீங்கள் போன் பண்ணி நான் எடுக்காத சனிக்கிழமைகளுக்கெல்லாம் இதுதான் காரணம். உங்கள் மகள் சாட்சி.

அது ஏன் சர்ச்சில் என்பீர்கள். இந்தக் கிதாருக்குக் குரல் சிறிசு. மைக் வைப்பதை இவர்கள் அபச்சாரமாக நினைக்கிறார்கள். கூரை உயரமாக, சுவர் கெட்டியாக, வெளிச்சத்தம் உள்ளே வராத இடம் வேண்டும். ஊரில் அப்படி எது இருக்கிறது? சர்ச்தான். படத்தில் உள்ள அந்த செயின்ட் மார்க்ஸ் சர்ச் ஜெர்மன்காரர்கள் குடியேறி வந்து உண்டாக்கிய சபையுடையது. கட்டடம் 1895இல் எழும்பியது. 1906இல் வந்த பூகம்பத்தில் சான் ஃப்ரான்சிஸ்கோவில் பெரும்பகுதி இடிந்தும் எரிந்தும் போனது, இது தப்பி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம், மற்ற நாளில் கச்சேரி. கச்சேரிக்கு வருகிறவர்களிடம் அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை, டிக்கெட்டைத் தவிர.

போதாக்குறைக்கு அங்கே வாசிப்பதிலும் ஒன்று சர்ச்சைப் பற்றியது. பராகுவே நாட்டு அகுஸ்தீன் பாரியோஸ் என்பவர் 1921இல் எழுதிய 'லா கத்தெத்ரால்'. பெரிய தேவாலயம் என்று அர்த்தம். இந்த பாரியோஸ் கதையைக் கேட்டால் நம்ம கூத்துக்காரர்களுக்கு மிகவும் பிடிக்கும். 1885இல் பிறந்தவர். மற்றவர்கள் கோட்டு போட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது இவர் 1930களில் தலையில் இறகு சொருகி, பழங்குடித் தலைவன் வேஷம் கட்டி மேடையேறினார். பேரையும் 'நிட்சுகா மாங்கொரே' என்று மாற்றி வைத்துக்கொண்டார். மாங்கொரே என்பது அந்த மண்ணின் பழைய தலைவன் ஒருவன் பெயர். நிட்சுகா என்பது அகுஸ்தீனின் எழுத்துகளைத் தலைகீழாகப் போட்டது, வேறொன்றுமில்லை. கூட்டம் வந்தது. ஆனால் கிதார் உலகத்துப் பெரிய மனிதர்கள் அவரைக் கடைசிவரை ஒதுக்கியே வைத்தார்கள். 1944இல் எல் சால்வடாரில் செத்துப்போனார். இன்று அவர் எழுதியதை வாசிக்காமல் ஒரு சீசனும் முடிவதில்லை.

சர்ச் இல்லாத நாளில் ஹெர்ப்ஸ்ட் தியேட்டர் என்கிற அரங்கம். ஏறக்குறைய 900 பேர் உட்காரலாம். டீக்கடையில் சொல்வதற்கு உங்களுக்கு ஒரு சேதி தருகிறேன்: 1945 ஜூன் 26ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்தில் 50 நாடுகள் கையெழுத்துப் போட்டது அந்த மேடையில்தான். அப்போது நமக்குச் சுதந்திரமே வரவில்லை. ஆனாலும் இந்தியாவுக்கும் ஓர் இடம் போட்டிருந்தார்கள். போய்க் கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா? நீதிக்கட்சி ஆற்காடு இராமசாமி முதலியார். அதே மேடையில் இன்று ஒரு முக்காலியும் பாதத்தை உயர்த்தி வைக்க ஒரு சின்னப் பலகையும் போட்டு, ஒற்றை ஆள் வந்து உட்கார்ந்து ரெண்டு மணி நேரம் வாசிக்கிறார். பின்னால் ஜால்ரா கிடையாது, மிருதங்கம் கிடையாது, தம்பூரா கிடையாது.

அங்கேதான் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். பேரன் பிறந்தபோது இங்கே ஆறு மாதம் இருந்தார்களே, அப்போது. அத்தை உங்களிடம் இதைப் பாதிதான் சொல்லியிருப்பார்கள். இளம்பிள்ளைச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். வித்வான் வந்தார், குனிந்தார், உட்கார்ந்தார், வாசிக்க ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம் போயிருக்கும்.

"ஏனுங்க மாப்பிள்ளே, மைக்செட்டுக்காரன் வரலீங்களா?"

மைக் கிடையாது அத்தை, இப்படித்தான் என்றேன். இன்னும் ஐந்து நிமிஷம்.

"இவரு எப்பங்க பாடுவாரு?"

பாட மாட்டார் என்றதும் அத்தை அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அடுத்தது பாக் எழுதிய ஒரு தொகுப்பு. 300 வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன்காரர். ஒரே தலைப்பில் ஆறு துண்டுகள் வரும். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் வித்வான் கையை எடுப்பார். அப்போது கைதட்டக் கூடாது. தட்டலாம் என்று எழுதியிருக்காது, தட்டக்கூடாது என்றும் எழுதியிருக்காது. அந்த இடைவெளி இருமுவதற்கென்று ஒதுக்கியது. வாசிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் 900 பேரும் ஒரே சமயத்தில் இருமித் தீர்த்து, கர்ச்சீப்பை மடித்து வைத்து, அடுத்த துண்டுக்குத் தயாராவார்கள். அந்த இருமலுக்கு நடுவில் அத்தை மட்டும் கணீரென்று கைதட்டினார்கள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் திரும்பி முறைத்தார். வாசித்தவரோ எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்து, தலையையும் குனிந்தார். எனக்கு அந்தக் கிழவரைவிட அத்தை கட்சிதான் சரியென்று படுகிறது. நல்லா இருந்தால் தட்ட வேண்டியதுதானே? ரோம் நகரத்து ஆராதனைக்குக்கூட இவ்வளவு அடக்கம் தேவைப்படுமா என்று தெரியவில்லை.

கடைசியாக 'ஆலாம்ப்ராவின் நினைவுகள்' வாசித்தார். ஸ்பெயின் நாட்டு ஃப்ரான்சிஸ்கோ தர்ரேகா எழுதியது. கட்டைவிரல் கீழ்த் தந்தியில் ஒரு நடை போக, மற்ற மூன்று விரலும் ஒரே தந்தியை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு குரல் அறுபடாமல் நீண்டு போவதாகவே காதுக்குப் படும். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ரெண்டு பேரு வாசிக்கிறாப்ல இருக்குதுங்க. இன்னொருத்தரு எங்கெ?"

மாமா, அந்தப் பாட்டைப் பற்றி நிகழ்ச்சிநிரலில் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். அத்தை கேட்டது அதில் இல்லை.

வெளியே வந்ததும் அத்தை சொன்னது: "நல்லாத்தான் வாசிக்கிறாரு. பாவம், ஒரு மைக்கு வெச்சுக் குடுக்கலாம்." உங்கள் மகள் சிரித்துச் சிரித்து ரயிலைத் தவறவிடப் பார்த்தாள்.

இனி இந்த வித்வான்களின் நகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதே என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தது. இவர்கள் வலது கையில் எந்தக் கிழமையும் ஒட்ட வெட்டுவதில்லை. இடது கை நகமோ தோலோடு ஒட்ட இருக்கும், இல்லாவிட்டால் தந்தியை அழுத்த முடியாது. ரெண்டு கையையும் சேர்த்துப் பார்த்தால் பாதி சிரைத்துவிட்டு எழுந்து வந்த தலைபோல இருக்கும். வலது கை நகத்தை அரம் வைத்து ராவி, அதற்கு மேல் மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். தந்தியைத் தட்டுவது அந்த நகந்தான். அதில் ஒரு பிசிறு இருந்தால் 900 பேருக்கும் கேட்கும். கச்சேரிக்கு முன்தினம் நகம் உடைந்தால் டேபிள் டென்னிஸ் பந்தை வெட்டி, பசை போட்டு ஒட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. சூட்கேஸ் தூக்க மாட்டார்கள், கதவைத் தள்ள மாட்டார்கள், பாட்டில் மூடியைத் திறக்க மாட்டார்கள். பெரிய வீட்டு மருமகளுக்குக்கூட நம் ஊரில் இவ்வளவு சலுகை கிடையாது. ஆனால் தர்ரேகா தன் கடைசிக் காலத்தில் நகமே வேண்டாம், விரல் நுனிச் சதை போதும் என்று மாறிவிட்டார். நூறு வருஷம் கழித்தும் நகக்கட்சி, சதைக்கட்சி என்று சண்டை ஓய்ந்தபாடில்லை.

நகத்துக்கே இந்தப் பாடு என்றால் கிதாருக்கு என்ன பாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். லக்கேஜில் போட்டால் நொறுங்கிவிடும் என்று சிலர் விமானத்தில் கிதாருக்கென்று பக்கத்து சீட்டை வாங்குகிறார்கள். பெல்ட் போட்டு உட்கார வைக்கிறார்கள். நீங்கள் ஒருதடவை பொட்டனேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் பொலிகிடா ஏற்றி வந்தபோது கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார் என்று வருஷக்கணக்காகக் குறைப்பட்டுக்கொள்வீர்களே. அந்தக் கிடாவாவது புல் தின்றது. கிதாருக்கு விமானத்தில் சாப்பாடுகூடத் தருவதில்லை.

கிடா என்றதும் ஞாபகம் வந்தது. இந்தக் கடிதத்தில் உங்களுக்கான சேதியே இதுதான். கிதாரின் மேல் மூன்று தந்தியும் ஒரு காலத்தில் ஆட்டுக் குடல். ஆமாம், நாம் குழம்பு வைக்கிற அதே குடல். சுத்தம் பண்ணி, கீறி, முறுக்கி, காய வைத்துத் தந்தியாக்குவார்கள். நூற்றாண்டுக் கணக்காக ஐரோப்பாவின் தந்தி வாத்திய சங்கீதம் பெரும்பகுதியும் செம்மறியாட்டு வயிற்றிலிருந்து வந்ததுதான், வயலினும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்குத் தையல் போட அதே குடல் தேவைப்பட்டதால் தந்திக்குத் தட்டுப்பாடு. அப்போது நியூயார்க்கில் கிதார் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் கையில் நைலான் இழை கிடைத்தது. தந்தியாக மாட்டிப் பார்த்தார். கிதார் வித்வான் ஆந்த்ரேஸ் செகோவியா அதை வாசித்துப் பார்த்துச் சரி என்றார். அவர் சரி என்றால் கிதார் உலகத்தில் அப்பீல் கிடையாது. அன்றிலிருந்து நைலான். ஆடு பிழைத்தது என்று சொல்ல மாட்டேன்; குடல் குழம்புக்குத் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

கீழ் மூன்று தந்தியோ அப்போது பட்டு நூலின் மேல் உலோகக் கம்பி சுற்றியது. இன்று பட்டுக்குப் பதில் நைலான் இழை, அதன்மேல் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பி. முதுகும் பக்கவாட்டும் ஈட்டி மரம். பிரேசில் ஈட்டி மரத்துக்கு 1992இல் உலக வணிகத் தடை வந்தபின் பெரும்பாலோருக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டிதான் கதி. விரல் அழுத்துகிற பலகை கருங்காலி. அத்தை போன வருஷம் 2000 ரூபாய் கொடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார்களே, அந்த வகை. இங்கே யாரும் அதைக் கழுத்தில் போடவில்லை. அதனால்தானோ என்னவோ இவர்களுக்குக் கிரகதோஷம் தீராமல் வாரம் ஒரு ஊர் அலைகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள் மாமா. குடலுக்கு மேச்சேரி ஆடு. பட்டுக்கு சேலம். வெள்ளிக்கும் சேலம், கொலுசுப் பட்டறைக்காரர்கள் கம்பி இழுப்பதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. மரத்துக்குக் கூடலூர். இந்தச் சாமான் எல்லாம் மேட்டூர் பஸ்ஸில் போய் வருகிற தூரத்துக்குள்ளும் சற்று வெளியிலும் கிடைக்கிறது. கிடைக்காதது ஒன்றே ஒன்று, சத்தமில்லாத ரெண்டு மணி நேரம். மாசித் தேர்த்திருவிழாவில் நாலு திசைக்கும் புனல் ஸ்பீக்கர் கட்டி அலற விடுகிற ஊரில் பிறந்தவன் நான். சத்தம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் இங்கே ஒருவர் ஒற்றைத் தந்தியைத் தொட்டுவிட்டு அது அடங்குகிறவரை காத்திருக்க, 900 பேர் கூடவே காத்திருப்பது எனக்குப் புதுசு. நம் பக்கத்துக் கூத்தில் விடிகாலை நாலு மணிக்கு முகவீணை ஒன்று மட்டும் போகும்போது, தூங்காமல் மிச்சமிருக்கிற இருபது பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். வேறெங்கும் இல்லை.

சாமான் விஷயத்தில் ஒரு கூடுதல் தகவல். இன்றைய கிதாருக்கு உருவம் கொடுத்தவர் அந்தோனியோ தே தோர்ரெஸ் என்கிற ஸ்பெயின் நாட்டுத் தச்சர். ஓசை வருவது முன்பலகையிலிருந்துதான், முதுகுக்கு எந்த மரம் போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை என்பது அவர் கட்சி. வாயால் சொன்னால் நம்புவார்களா? 1862இல் முதுகையும் பக்கத்தையும் வெறும் காகித அட்டையில் செய்து ஒரு கிதாரைக் காட்டினார். அது இப்போது பார்சலோனா மியூசியத்தில் இருக்கிறது. ஈட்டி மரத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறவர்கள் அந்த மியூசியத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது.

கிதார் என்றால் நம் ஊரில் இளையராஜா. 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தபோது டூரிங் டாக்கீஸில் 'இளைய நிலா' கிதாருக்காகவே நாலு தடவை பார்த்ததாகச் சொல்வீர்கள். அவர் லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வு எழுதித் தேறியவர். நான் இங்கே கேட்கிறதும் அந்தத் தேர்வுக்குப் படிக்கிறதும் ஒரே பாடம்தான். ஆகவே மதம் மாறியிருந்தால் ராஜா எனக்கு முந்தியே மாறிவிட்டார் என்று சித்தியிடம் சொல்லுங்கள்.

தர்ரேகாவையும் உங்களுக்குத் தெரியும். உங்களிடம் ஒரு நோக்கியா போன் இருந்ததே, ரப்பர் பேண்டு போட்டது. அதன் மணியோசை அவர் 1902இல் கிதாருக்கு எழுதிய 'கிரான் வால்ஸ்' என்பதிலிருந்து பிய்த்து எடுத்த ஒரு துணுக்கு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. அந்தக் காலம் முழுக்க மேச்சேரி ஆட்டுச் சந்தையில் பேரம் படியும் நேரம் பார்த்து தர்ரேகா வாசித்துக்கொண்டே இருந்தார். துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் இடுப்பைத் தடவுவார்கள். ஒரு ஸ்பானியக் கிதார்க்காரரை இத்தனை ஆட்டு வியாபாரிகள் வேறெங்கும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வாசிக்க வருகிறவர்களைப் பற்றிச் சொல்லவில்லையே. நான் முதலில் இவர்கள் எல்லாம் வழிவழியாக ஜமீன் மாதிரி இதை வாசித்து வருகிறவர்கள் என்று நினைத்தேன். பாதிப் பேர் நம்மைப்போலப் பிழைக்கக் கிளம்பியவர்கள். மானுவல் பாருவெக்கோ கியூபாவின் சாந்தியாகோவில் பிறந்து 1967இல் பையனாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர். பெப்பே ரொமேரோவின் அப்பா செலெதோனியோ, ஃப்ராங்கோவின் ஆட்சியிலிருந்து தப்பி, மூன்று பையன்களோடு இதே கலிஃபோர்னியாவுக்கு வந்தார். அப்பாவும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து 1960இல் நால்வர் குழு ஒன்று ஆரம்பித்தார்கள். இன்று அதில் பேரன்கள் வாசிக்கிறார்கள். பெப்பே 1944இல் பிறந்தவர். அந்த வயதிலும் மேடைக்கு வந்து உட்கார்ந்து மாப்பிள்ளை முறுக்கு குறையாமல் வாசிக்கிறார். டேவிட் ரஸ்ஸல் ஸ்காட்லாந்தில் பிறந்து ஸ்பெயினின் ஒரு தீவில் வளர்ந்தவர். ஆனா விடோவிச் குரோஷியாவிலிருந்து படிக்க வந்தவர், அதுவும் அந்த பாருவெக்கோவிடமே. செயின்ட் மார்க்ஸ் சர்ச்சில் அவர் வாசித்த பதிவு யூடியூபில் கோடிக்கு மேல் ஓடியிருக்கிறது. சித்தி மகனுக்கு அதை அனுப்பியிருக்கிறேன். பின்னால் தெரிகிற சுவரை விட்டுவிட்டு விரலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவர்களுக்கெல்லாம் தலைவர் என்றால் செகோவியா. 1893இல் லினாரேஸ் என்ற ஊரில் பிறந்தவர். கிதார் அப்போது சாராயக்கடை வாத்தியம். கற்றுக்கொடுக்க ஆள் கிடைக்காமல் தானே படித்துக்கொண்டார். பியானோவும் வயலினும் ஏறுகிற மேடையில் இதையும் ஏற்றியே தீருவேன் என்று கிளம்பி, பாக் வயலினுக்கு எழுதிய 'சாக்கோன்' என்ற பெரிய உருப்படியைக் கிதாருக்கு மாற்றி 1935இல் பாரிஸில் வாசித்தார். கால் மணி நேரம் ஓடுகிற உருப்படி. ஒரு சின்ன அடி, அதையே விதவிதமாகத் திருப்பித் திருப்பி. சண்டை போடும், நடுவில் சமாதானமாகும், மறுபடி சண்டைக்குப் போகும். இந்த சீசனில் ஒருவர் அதை வாசித்தபோது இருமல்காரர்கள் கால் மணி நேரமும் இருமவில்லை. செகோவியா 1987இல், 94 வயதில் சாகிறவரை மேடையை விடவில்லை. பாரியோஸை ஒதுக்கிவைத்த பெரிய மனிதர்களில் இவரும் ஒருவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாத்தியத்துக்கு மேடை வாங்கிக்கொடுத்தவர், கூட ஏற வந்த ஆளைத் தள்ளிவிட்டார். எந்த சபையில்தான் இது இல்லை?

குறையும் உண்டு. போட்டிகளில் பரிசு வாங்கிவிட்டு வருகிற இளவட்டங்கள் சிலர் இருக்கிறார்கள். ஒரு பிசிறு வராது, ஒரு தப்பு வராது, வேகம் கண்ணைக் கட்டும். ரயில் நிலையத்துக்கு நடந்து வருவதற்குள் என்ன கேட்டோம் என்பதே மறந்துவிடும். உருப்படிகளும் சுற்றிச் சுற்றி அதேதான். 'அஸ்தூரியாஸ்' வாசிக்காமல் ஒருத்தரும் ஊர் திரும்புவதில்லை. அது அல்பேனிஸ் என்பவர் பியானோவுக்கு எழுதியது. கிதார்க்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்து இன்று தங்கள் குலதெய்வம் என்கிறார்கள். ரஸ்ஸல் மாதிரி ஆள் ஒரு மெதுவான துண்டை எடுத்து, ஒவ்வொரு சுரத்துக்கும் வேறு வேறு நிறம் கொடுத்து, அவசரமே படாமல் வாசித்து வைக்கும்போதுதான் டிக்கெட் காசு செரிக்கிறது. காசும் கொஞ்சமில்லை, அறுபது டாலர் வாக்கில் வரும். அதில் மேச்சேரியில் ஐந்து கிலோ கறி எடுக்கலாம். உங்கள் மகளும் கூட வந்தால் பத்து கிலோ. இதை அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

அடுத்த சீசனுக்கு நீங்கள் வர வேண்டும். ஆட்டுக்கு ஆள் இல்லை என்ற பேச்சே கூடாது. பண்ணையம் பார்க்க மச்சானை ஒரு மாதம் வந்து இருக்கச் சொல்லிப் பேசியாயிற்று. ஐப்பசியில் புறப்பட்டு வந்தால் முதல் ரெண்டு கச்சேரி கேட்கலாம். வேட்டி, துண்டோடு வரலாம், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஏழரை மணிக்குக் கச்சேரி என்றால் ஏழரைக்கே ஆரம்பித்துவிடும். பிந்திப் போனால் முதல் உருப்படி முடிகிறவரை கதவுக்கு வெளியே நிற்க வேண்டும், மந்திரியாக இருந்தாலும் அப்படித்தான். இடைவேளையில் டீ கிடைக்காது, ஒயின் கிடைக்கும். அத்தை பக்கத்தில் இருப்பதை மறந்துவிடாதீர்கள். மேட்டூர் அணையில் இப்போது எத்தனை அடி தண்ணீர் என்று எழுதுங்கள். இங்கே நாலு பேர் சேலத்துக்காரர்கள் என்னை வாராவாரம் கேட்கிறார்கள்.

விக்ஸ் மிட்டாயை வீட்டிலேயே காகிதம் பிரித்து ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். அரங்கத்துக்குள் காகிதம் பிரிக்கிற சத்தம் 900 பேருக்கும் கேட்கும், முன்வரிசைக் கிழவர் உங்களையும் திரும்பிப் பார்ப்பார். நைலான் செருப்பு போடுங்கள், டயர் செருப்பு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்